பழுத்த வெள்ளி

அம்மாவின் அம்மாவான அம்மாயிக்குக் கருமாதி முடிந்த மறுநாள், அட்டாலியில் இருந்த அவருடைய டிரங்குப் பெட்டியை இறக்கினோம். 2019 ஆவணி மாதம். உள்ளே மூன்று சேலை, ஒரு பாக்குவெட்டி, மாமனின் பள்ளிக்கூட சர்டிபிகேட். எல்லாவற்றுக்கும் அடியில், மூலையோரமாக, எலுமிச்சம்பழ அளவில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு.

நான் கை வைப்பதற்குள் அம்மா தடுத்துவிட்டார். “அதை அவுக்காத கண்ணு. சிவன்மலைக்கு முடிஞ்சு வெச்சது.”

1964-ல் மாமனுக்கு நான்கு வயது. காய்ச்சல் வந்து இருபது நாளாக எழுந்திருக்கவில்லை. வெள்ளி ரூபாய் ஒன்றை மஞ்சள் நனைத்த துணியில் முடிந்து, பையன் பிழைத்தால் சிவன்மலை முருகன் கோயில் உண்டியலில் போடுவதாக அம்மாயி வேண்டிக்கொண்டார். பையன் பிழைத்தான். அதற்கப்புறம் வெள்ளாமை, கடன், கல்யாணம் என்று ஒவ்வொன்றாக வந்ததில், சிவன்மலைக்கு எத்தனையோ முறை போய் வந்தார்கள். முடிச்சை எடுத்துப் போகத்தான் மறந்துபோனார்கள். கடைசியில் அது பெட்டியோடு பெட்டியாகிவிட்டது.

முடிச்சை அம்மாதான் அவிழ்த்தார். துணி இறுகி மரம் போல ஆகியிருந்தது. ஊசி முனையால் நெம்பி நெம்பி அவிழ்க்க கால் மணி நேரம் ஆனது. உள்ளே 1906-ஆம் வருட ரூபாய். தலையில் கிரீடம் இல்லாத ஏழாம் எட்வர்டின் முகம். எங்கள் ஊரில் இதை மொட்டை ராஜா காசு என்பார்கள்.

அதைத் திண்ணைக்குக் கொண்டுபோய்க் காலை வெயிலில் சாய்த்தேன். அன்று பார்த்ததை இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்க முடிகிறது. ராஜாவின் நெற்றிக்கு முன்னால் இருந்த வெற்றிடத்தில் மாம்பழ மஞ்சள். அது மூக்கை நெருங்க நெருங்க அரக்காகிறது. கழுத்துக்குப் பின்னால் கத்தரிப்பூ நிறம். அதன் விளிம்பில், எழுத்துகளுக்கு இடையே, மயில்கழுத்து நீலம். இது எல்லாவற்றின் மீதும் துணியின் நெசவு விழுந்திருந்தது. ஊடும் பாவும் குறுக்கும் நெடுக்குமாக, கடுகை விடச் சின்னச் சின்னக் கட்டங்கள். நூல் அழுத்தி நின்ற இடம் ஒரு நிறம், நூலுக்கு நூல் இடைவெளி இருந்த இடம் இன்னொரு நிறம். துணி மடிந்து கிடந்த இடத்தில் மட்டும் பிறை வடிவில் வெறும் வெள்ளி, நேற்று அச்சடித்தது போல.

அம்மா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “காசு நல்லாப் பழுத்திருக்குதே.”

காசு சேகரிப்பவர்கள் இந்த நிறத்தை டோனிங் என்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து எனக்கு இது பழுத்த வெள்ளிதான்.

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் லேப்பில் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறேன். பார்ட்டி ஒரு துண்டுத் துணியை அனுப்புவார்கள். அதே ஷேடு வரும்வரை லேப் டிப் என்கிற மாதிரிச் சாயம் போட்டுப் போட்டு, லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்து, அப்ரூவல் வாங்க வேண்டும். பகல் வெளிச்சத்துக்கு ஈடான டி65 விளக்கில் ஒன்றாக இருக்கும் இரண்டு துணி, கடை விளக்கை மாற்றியதும் அண்ணன் தம்பி போலத் தனித்தனியாக நிற்கும். நாள் முழுக்க நிறத்தைப் பார்த்தே பிழைக்கிறவள் நான். எங்கள் தொழிலில் நிறம் என்றால் சாயம். கிராம் கணக்கில் நிறுத்துப் போடுவது. அந்தக் காசில் சாயம் ஒரு துளிகூடக் கிடையாது என்று புரிந்துகொண்ட நாள் எனக்குச் சாதாரண நாள் இல்லை.

காற்றில் கந்தக வாயு எப்போதும் கொஞ்சம் இருக்கும். அது வெள்ளியோடு சேர்ந்து மேலே சில்வர் சல்ஃபைடு என்ற மெல்லிய படலமாகிறது. நிறம் தெரியத் தொடங்கும்போது அந்தப் படலத்தின் தடிமன் சில பத்து நானோமீட்டர்தான். தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். காசில் விழும் வெளிச்சத்தில் ஒரு பகுதி படலத்தின் மேல்முகத்திலேயே பட்டுத் திரும்பும். இன்னொரு பகுதி படலத்தைக் கடந்து, அடியில் உள்ள வெள்ளியில் பட்டுத் திரும்பும். திரும்பி வரும் இரண்டும் சேரும்போது ஏதாவது ஒரு நிறம் அடிபட்டுப் போகும். மிச்சம்தான் நம் கண்ணுக்கு வருவது. படலம் மெல்லியதாக இருக்கும்போது முதலில் அடிபடுவது நீலம். அதனால் காசு மஞ்சளாகத் தெரியும். கொஞ்சம் தடித்தால் பச்சை அடிபடும். காசு அரக்கும் கத்தரிப்பூவுமாக மாறும். இன்னும் தடித்தால் மஞ்சளும் சிவப்பும் அடிபடும், நீலம் எழும். சோப்பு நுரையிலும், மழை பெய்த ரோட்டில் சிந்திய டீசலிலும் நாம் பார்ப்பது இதே வேலைதான். மயில் கழுத்தில்கூட நீலச்சாயம் கிடையாது. இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி மோதித் திரும்புவதால் வரும் நீலம் அது.

ஆகவே இந்த நிறங்களுக்கு ஒரு வரிசை உண்டு. அந்த வரிசையை நான் சேலைக்கடைப் பெயர்களில்தான் மனப்பாடம் செய்திருக்கிறேன். முதலில் வைக்கோல். அடுத்து மாம்பழம். பிறகு வெல்லப்பாகு, அரக்கு, கத்தரிப்பூ. அதன்பின் மயில்கழுத்து. அதற்கும் மேலே நீலம் வெளுத்து வானம் போலாகும். இது முதல் சுற்று. படலம் மேலும் தடித்தால் இரண்டாம் சுற்று தொடங்கும்: மறுபடி மஞ்சள், ரோஸ், அப்புறம்தான் நல்ல பச்சை. பச்சை ஏறிய காசைப் பார்த்தால் அது நீண்ட வழி வந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். எல்லாச் சுற்றும் முடிந்தால் கருப்பு. அதற்கு மேல் வழி கிடையாது.

கருப்பு எப்படி வரும் என்பதை என் கையாலேயே பார்த்தேன். பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே சேலத்துக் கொலுசு கருத்துவிட்டது. சல்ஃபர் பிளாக் என்ற கருப்புச் சாய லாட் ஓடுகிற இடத்தில் சோடியம் சல்ஃபைடு இருக்கும்; அந்தக் காற்று பட்டால் வெள்ளி தாங்காது. லேப்பில் இருந்த பெண்கள் எல்லோரும் கொலுசை வீட்டில் கழற்றி வைத்துவிட்டுத்தான் வருவோம். இது தெரிந்திருந்தும், ஈரோட்டில் வாங்கிய ஐந்தாம் ஜார்ஜ் 1918 ரூபாயை உடன் வேலை செய்பவர்களிடம் காட்ட எடுத்துப் போனேன். அச்சடித்த பளபளப்பு மாறாத காசு. விளிம்பில் மட்டும் மெல்லிய மாம்பழ வளையம். அதை மேசை டிராயரில் வைத்தேன். அந்த வாரம் ஆடிட், அடுத்த வாரம் ஷிப்மென்ட். ஐந்து மாதம் கழித்து ஸ்டேப்லர் தேடும்போது அகப்பட்டது. இரும்பு வாஷர் போல இருந்தது. வளையமும் இல்லை, பளபளப்பும் இல்லை. நூறு வருடம் யார் யாரோ பத்திரமாக வைத்திருந்த ஒன்று என் கைக்கு வந்து ஐந்தே மாதத்தில் முடிந்துபோனது. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. அந்தக் காசை விற்கவில்லை. தனியாக வைத்திருக்கிறேன்.

நம் வீடுகளில் இத்தனை வெள்ளி ரூபாய் தங்கியிருப்பதற்குக் காரணம் உண்டு. 1835-லிருந்து 1939 வரை அடித்த ரூபாய் ஒரு தோலா எடை, 11.66 கிராம். அதில் 91.7 சதவீதம் வெள்ளி, மிச்சம் செம்பு. நாட்டு மருந்துக்கு ‘ஒரு ரூபாய் எடை’ என்று பெரியவர்கள் சொன்னது இந்த எடையைத்தான். 1940-ல் வெள்ளி பாதியாகக் குறைந்தது. பழைய ரூபாய்களை 1940-களின் தொடக்கத்திலேயே செல்லாக்காசு ஆக்கிவிட்டார்கள். சந்தையில் செல்லாத பிறகு அவை போன இடம் இரண்டு. ஒன்று பத்தர் வெள்ளி உருக்கும் மூசை. இன்னொன்று பெட்டி. பெட்டிக்குப் போனவற்றின் மேல் இன்று நாம் பார்க்கும் நிறத்தில் பெரும்பகுதி அந்த எண்பது வருடத்தில் வந்தது. அதாவது கைமாறிக்கொண்டிருந்த காலத்து நிறம் அல்ல, வீட்டுக்குள் கிடந்த காலத்து நிறம்.

அதனால் ஒரு காசு கைக்கு வந்ததும் வருடத்தையும் ராஜாவையும் பார்ப்பதற்கு முன்னால் நான் கேட்பது, “இது எங்க இருந்துதுங்க?” என்பதைத்தான். எந்த ஊர் என்பதற்காக அல்ல, வீட்டில் எந்த இடம் என்பதற்காக.

வெள்ளகோவில் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் ஏழு ரூபாய் காட்டினார்கள். ஏழும் கருப்பு. வீட்டைச் சுற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கொப்பரைக் களம் வைத்திருக்கிறார்கள். கொப்பரை வெளுப்பாக இருக்கவும் பூசணம் பிடிக்காமலிருக்கவும் கந்தகப் புகை போடும் வழக்கம் அந்தப் பக்கம் உண்டு. கந்தக மூட்டை இருந்த அறையும் பீரோ இருந்த அறையும் ஒரே சுவர்.

பல்லடத்தில் என் தோழியின் அத்தை அஞ்சறைப் பெட்டியில் ஒரு அரை ரூபாயைப் போட்டு வைத்திருந்தார். லட்சுமிக்கு என்று அவர் மாமியார் போட்டதாம். விக்டோரியா ராணி முகம் மேலே தெரியும்படி, கடுகுக்கும் வெந்தயத்துக்கும் நடுவில். பக்கத்துக் கிண்ணத்தில் பெருங்காயம். பெருங்காயத்தின் அந்த வாசனையே கந்தகம் கலந்த பொருள்களால் வருவதுதான். வெங்காய, பூண்டு வாசனையும் அப்படித்தான். ராணியின் முகப் பக்கம் முழுக்க ஆழ்ந்த அரக்கும் கத்தரிப்பூவும். தட்டில் படிந்துகிடந்த மறுபக்கம் வெறும் வைக்கோல் மஞ்சள். ஒரே காசில் இரண்டு வேளை. அந்த அத்தை சமையலுக்கு நடுவில் அதை எடுத்துத் துடைத்துக் காட்டிவிட்டு, திரும்பவும் அதே இடத்தில், முகம் மேலே பார்க்க வைத்தார். நான் விலை கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை.

கோபிப் பக்கம் கிடைத்த ஒரு உருளை இன்னொரு விதம். பதினாறு ரூபாயை அடுக்கி, முரட்டுக் காகிதத்தில் சுற்றி, மாவுப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். நடுவில் இருந்த பதினான்கும் விளிம்பில் மட்டும் கோடு போட்டது போல நிறம் பிடித்திருந்தன. முகத்தோடு முகம் ஒட்டிக் கிடந்ததால் காற்று புகவில்லை. இரு முனையிலும் இருந்த இரண்டு மட்டும் வட்டத்துக்குள் வட்டமாகப் பழுத்திருந்தன. விளிம்பில் நீலம், அதற்குள் கத்தரிப்பூ, அதற்குள் மாம்பழம், நடுவில் வெள்ளி. விளிம்பிலிருந்து காற்று மெதுவாக உள்ளே நடந்து வந்திருப்பதைக் காசு அப்படியே காட்டியது. பழைய காகிதத்திலும் அட்டையிலும் கந்தகம் கொஞ்சம் இருக்கும். அதுவும் தன் பங்குக்கு வேலை செய்திருக்கிறது.

அமெரிக்காவில் மார்கன் டாலர் என்ற பழைய வெள்ளி டாலர்களை ஆயிரம் ஆயிரமாகக் கேன்வாஸ் பைகளில் கட்டி, அரசாங்கக் கருவூலங்களில் பல பத்து ஆண்டுகள் வைத்திருந்தார்கள். பைத்துணியை ஒட்டிக் கிடந்த டாலர்களில் இதே போலத் துணியின் நெசவு நிறமாக விழுந்திருக்கிறது. அந்த டாலர்களுக்காக அங்கே போட்டி போட்டுக்கொண்டு பல மடங்கு கொடுத்து வாங்குகிறார்கள். அதன் படத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு அம்மாயியின் முடிச்சுதான் நினைவுக்கு வந்தது.

ஈரக்காற்றில் இந்த வேலை வேகமாக நடக்கும். கடலோரத்து ஊர்களிலிருந்து வரும் காசுகள் பெரும்பாலும் என் கைக்கு மங்கிப் போய்த்தான் வருகின்றன. மலை மறைத்து மழை குறைந்த நம் பக்கம், தாராபுரம், காங்கேயம், மூலனூர் வட்டாரத்தில் காற்று காய்ந்தே இருப்பதால் நிறம் அவசரப்படுவதில்லை. நான் பார்த்த நல்ல காசுகளில் பாதிக்கு மேல் இந்த வட்டாரத்துப் பெட்டிகளிலிருந்து வந்தவை.

வெள்ளி நமக்கு நேற்று வந்ததும் அல்ல. நொய்யல் கரையில் வெள்ளலூரில் 1842-ல் கிடைத்த புதையலில் ஐநூறுக்கு மேல் ரோமானிய வெள்ளிக் காசுகள் இருந்தன. பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. அதே நொய்யலில் கீழே போனால், அகழாய்வு நடந்த கொடுமணல். மண்ணுக்குள் போன வெள்ளிக்கு வேறு கதை. மண்ணிலுள்ள உப்பு வெள்ளியோடு சேர்ந்து சாம்பலும் ஊதாவுமாகத் தடித்த மேலோடு ஒன்றை உண்டாக்கும். அந்தக் காசுகளைப் படிக்க வேண்டுமானால் மேலோட்டை நீக்கியாக வேண்டும். கழுவுவது நியாயமாகிற ஒரே இடம் என்று எனக்குப் படுவது அதுதான், அதுவும் தெரிந்தவர்கள் கையில்.

வீட்டுக் காசைக் கழுவுவதுதான் எனக்குத் தாங்காது. விபூதி போட்டுத் தேய்ப்பது, எலுமிச்சை, பற்பசை, புளி, அலுமினியத் தாளும் சோடா உப்பும் போட்டுக் கொதிக்க வைப்பது. பத்தரிடம் கொடுத்தால் திராவகத்தில் ஒரு முக்கு முக்கி, ஒரு நிமிடத்தில் வெள்ளை வெளேரென்று திருப்பிக் கொடுத்துவிடுவார். பூஜைக்கு வைக்கிற பொருள் பளிச்சென்று இருக்க வேண்டும் என்கிற எண்ணம் நமக்கு ரத்தத்தில் இருக்கிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் படலம் வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கு அல்ல. காசின் சொந்த வெள்ளியே மாறி ஆனது. தேய்த்தும் முக்கியும் எடுக்கும்போது காசின் தோலைத்தான் எடுக்கிறோம். அச்சு விழுந்தபோது உலோகம் வழிந்தோடிய நுண்ணிய கோடுகள் அந்தத் தோலில்தான் இருக்கின்றன. காசைச் சாய்த்தால் வெளிச்சம் வண்டிச்சக்கரம் போலச் சுற்றி வருவது அவற்றால்தான். ஒருமுறை போனால் போனதுதான்.

தாராபுரத்துச் சின்னம்மா புதுமனை புகுவிழாவுக்குப் பதினோரு ரூபாயைத் தேய்த்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். “பாரு, எப்படி இருந்துது, இப்ப எப்படி ஆயிருச்சு பாரு” என்றார். சந்தோசமாகத்தான் சொன்னார். தேய்ப்பதற்கு முன் ஒன்றைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தார். அதில் மயில்கழுத்து நீலம் விளிம்பு சுற்றிலும் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சின்னம்மா பயந்துபோய், “ஏன் சாமி, என்ன பண்ணிப்போட்டேன்?” என்று கேட்டார். அன்று ராத்திரி பத்து மணி வரை அவருக்கு லைட்டுக்குக் கீழே காட்டிக் காட்டிச் சொன்னேன்.

நிறத்துக்கு விலை உண்டு என்று தெரிந்ததும் நிறத்தைச் செய்து விற்கவும் ஆள் வந்துவிட்டார்கள். நான் ஏமாந்தது ஒரு கண்காட்சியில். 1862 ராணி ரூபாய், 4,500 கொடுத்தேன். வானவில் அப்படியே இறங்கியது போல இருந்தது. வீட்டில் பத்து மடங்கு லென்ஸில் பார்த்தபோது நெஞ்சு கனத்தது. மஞ்சளுக்குப் பக்கத்தில் நேராக நீலம் நின்றது. நடுவில் அரக்கும் இல்லை, கத்தரிப்பூவும் இல்லை. வரிசையில் வராத நிறத்தை நான் பட்டறையிலேயே பாஸ் பண்ண மாட்டேன். ராணியின் கன்னத்தில் தேய்த்துக் கழுவிய கோடுகள், அந்தக் கோடுகளுக்கு மேலேயே நிறம். இயற்கையாகப் பழுத்த காசில் மேடாக நிற்கும் எழுத்தை ஒட்டி, கோலத்துக்கு விளிம்பு கட்டியது போல, மெல்லிய வெள்ளிக் கரை ஒன்று இருக்கும். இதில் அதுவும் இல்லை. நிறம் எழுத்தின் மேலும் பள்ளத்திலும் ஒரே சீராக, ஸ்ப்ரே அடித்தது போலப் படர்ந்திருந்தது. சாய்த்தால் வண்டிச்சக்கர ஒளி அடியிலிருந்து எழுந்து நிறத்தினூடே சுற்ற வேண்டும். நிறம் மட்டும் மேலே மிதந்தது. கந்தகத்தைச் சூடாக்கி அந்தப் புகையில் காட்டினால் சில நிமிடத்தில் இது வந்துவிடும். நாற்பது ஐம்பது வருடம் எடுக்க வேண்டியதைச் சில நிமிடத்தில் செய்தால் வெள்ளிக்கு நேரம் ஏது?

வைத்துக்கொள்ளும் முறையையும் சொல்லிவிடுகிறேன். பி.வி.சி. கவர் கூடவே கூடாது. சில வருடத்தில் பச்சைப் பிசின் கசியும். அப்படிக் கசிந்திருந்தால் சுத்தமான அசிட்டோனில் ஊறவைத்து எடுக்கலாம். அது பிசினைக் கரைக்குமே தவிர வெள்ளியின் நிறத்தைத் தொடாது. நகப்பூச்சு நீக்கும் திரவம் வேறு, அதைப் பயன்படுத்தாதீர்கள். ரப்பர் பேண்டில் கந்தகம் உண்டு; அது போட்ட காசில் குறுக்காகக் கருப்புக் கோடு விழும். விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள். மைலார் என்ற பாலியஸ்டர் கவர், காற்றுப் புகாத டப்பா, ஒரு பொட்டலம் சிலிக்கா ஜெல் போதும். அமெரிக்கக் கம்பெனிகளிடம் அனுப்பிச் சான்று வாங்கலாமே என்று கேட்பவர்களுக்கு: நூறு வருடம் கடந்த காசைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்ப 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டம் இடம் தராது.

வெள்ளி கிலோ லட்சத்தைத் தாண்டிய பிறகு பெட்டிகள் வேகமாகக் காலியாகின்றன. ஒரு ரூபாயில் பத்தரை கிராமுக்கு மேல் வெள்ளி இருக்கிறது. எடைக்குப் போட்டால் கையில் காசு. போட வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தேவை இருக்கும். போடுவதற்கு முன்னால் ஒருமுறை காலை வெயிலில் சாய்த்துப் பாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

அம்மாயியின் காசுக்கு வருகிறேன். அதை வைத்துக்கொள்ள எனக்கு ஆசை இருந்தது. வேறொரு வெள்ளி ரூபாயை உண்டியலில் போட்டுவிடலாமே என்று அம்மாவிடம் கேட்டும் பார்த்தேன். அம்மா கோபப்படவில்லை. “முடிஞ்சது இந்தக் காசுதான கண்ணு?” என்றார். அதற்குமேல் நான் பேசவில்லை.

ஒரு வாரம் என்னிடம் இருந்தது. ஒவ்வொரு நாளும் படம் எடுத்தேன். ஒன்றும் சரியாக வரவில்லை. இந்த நிறம் சாய்க்கும்போது வருவது. நின்றுபோன படத்தில் பாதிதான் தெரியும். நெசவுக் கட்டங்கள் ஒரே ஒரு படத்தில் விழுந்திருக்கின்றன. அதுவும் ராஜாவின் காதுக்குப் பக்கத்தில் மட்டும்.

புரட்டாசி பிறப்பதற்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை சிவன்மலைக்குப் போனோம். ஐம்பத்தைந்து வருடம். காய்ச்சலில் கிடந்த அந்தப் பையன், ஐம்பத்தொன்பது வயது மாமன், முழங்கால் வலியோடு படியேறித்தான் வருவேன் என்று பிடிவாதமாக ஏறினார். பக்தர் கனவில் ஆண்டவன் சொன்ன பொருளை வைக்கும் உத்தரவுப் பெட்டிக்கு முன்னால் நின்று கும்பிட்டோம். அம்மா புதிதாக மஞ்சள் நனைத்த துணியில் காசை மறுபடி முடிந்து மாமன் கையில் கொடுத்தார். மாமன் அதைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையிலேயே வைத்திருந்தார். எடை பார்ப்பது போல இருந்தது. பிறகு உண்டியலில் போட்டார். துணி சுற்றியிருந்ததால் சத்தம் வரவில்லை.

பழைய துணியை அம்மா எனக்குக் கொடுத்துவிட்டார். மஞ்சள் எல்லாம் வெளுத்துப் பழுப்பாகி, நடுவில் வட்டமாக ஒரு மடிப்பு மட்டும் அழியாமல் இருக்கிறது. அதை லேப்பில் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கைத்தறி நெசவு. ஊடு கொஞ்சம் தடித்த நூல், பாவு மெல்லியது. படத்தில் இருக்கும் கட்டங்களும் அப்படியே ஒரு பக்கம் நீண்டு ஒரு பக்கம் குறுகித்தான் இருக்கின்றன.

போன வாரம் தாராபுரத்துச் சின்னம்மா போன் பண்ணினார். அவருடைய மாமியார் வீட்டில் குதிருக்குப் பின்னால் ஒரு பித்தளைச் செம்பு அகப்பட்டிருக்கிறதாம். வாயைத் துணியால் கட்டி, மேலே அரக்கு வைத்திருக்கிறதாம். ஆட்டினால் காசுச் சத்தம் கேட்கிறதாம்.

“நான் தொடவே இல்ல சாமி. உங்க சித்தப்பனையும் தொட உடல. நீயே வந்து அவுத்துப் பாரு” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிடுவேன். காலை வெயில் ஏறுவதற்குள் அந்தத் திண்ணையில் இருக்க வேண்டும்.